கருப்பை நம்முடையது, கணக்கு யாருடையது?

(வடசென்னையில் நடந்த பெண்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, கல்லூரிகளிலிருந்து வந்திருக்கிற மாணவ மாணவிகளே, மீன் கூடையை இறக்கி வச்சிட்டும், குப்பை வண்டியை ஓரங்கட்டிட்டும் வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாக்களே, அக்காக்களே, எல்லோருக்கும் ஜெய்பீம்.

நோட்டீசில் என் பெயருக்குப் பக்கத்தில் 'பெண்களின் இனப்பெருக்க ஆரோக்கிய உரிமைகள் குறித்த விழிப்புணர்வு' என்று அச்சடித்திருக்கிறார்கள். இதைப் படிச்சுக் காட்டினப்போ எங்க தெருவுல ஒரு அக்கா கேட்டாங்க: "இன்னாம்மா, மறுபடியும் கு.க. ஆபரேசனா?" அந்தக் கேள்வியை நான் தப்பு சொல்லமாட்டேன். நம்ம தெருவுக்கு அரசாங்கம் இதுவரைக்கும் கொண்டு வந்த 'விழிப்புணர்வு' பெரும்பாலும் அந்த ஆபரேசன்தான். மைக் கட்டின வண்டி வரும், சிவப்பு முக்கோணம் போட்ட சுவர் விளம்பரம் வரும், நாம ரெண்டோட நிறுத்தணும்னு சொல்லிட்டுப் போவாங்க. நாம எதுவும் தெரியாதவங்க, நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

நான் பேச வந்தது வேறு. சேரிப் பெண்ணுக்குக் கருத்தடை தெரியாது என்பதல்ல இன்றைய பிரச்சினை. கருத்தடை அவள் உடம்புக்குள் எப்போதோ வந்துவிட்டது. அதை அவள் கேட்டாளா, அவளிடம் கேட்டார்களா என்பதுதான் பிரச்சினை. பிள்ளை பெறுவதும் பெறாமல் இருப்பதும் அவள் முடிவு என்று சொன்ன அரசியல் நம்முடையது. அந்த அரசியலில் இருந்து முடிவை எடுத்துப் போட்டுவிட்டு, ஆபரேசனை மட்டும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான பிள்ளைப்பேற்றுச் சலுகை மசோதா வந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலன் என்றார். அந்தச் செலவில் பெரும்பங்கு அரசாங்கம் ஏற்க வேண்டியது. ஆனாலும் பெண்ணை வேலைக்கு வைத்து லாபம் அடைகிறவன் முதலாளி, அதனால் அவனும் ஒரு பங்கு ஏற்கத்தான் வேண்டும் என்று வாதாடினார். அடுத்த வருடம் அங்கே சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1934இல் வந்தது. ஆலைகளும் துறைமுகமும் ரயில் பட்டறைகளுமாக இருந்த வடசென்னைக்கு அந்தச் சட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பத்து வருடம் கழித்து, 1938 நவம்பர் 10. அதே பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் கட்சியின் சார்பில் கருத்தடைத் தீர்மானம் வருகிறது. அரசாங்கமே மக்களிடம் கருத்தடையைப் பரப்ப வேண்டும் என்கிற தீர்மானம். ஆதரவு 11, எதிர்ப்பு 52. தோற்றுப்போனது. அதே வாரம், நவம்பர் 13ஆம் தேதி, இங்கே வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. நம்ம அன்னை மீனாம்பாள் சிவராஜ் அதில் பங்கெடுத்தார். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்று பட்டம் கொடுத்தது அந்த மாநாடுதான். அவர் அதற்கு எட்டு வருடம் முன்பே, 1930இல், 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதிவிட்டார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காக, குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காகக் கருத்தடை வேண்டும் என்கிறார்கள். நாம் பெண் விடுதலைக்காக வேண்டும் என்கிறோம் என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டினார். 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசும்போது, கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், நிறையப் பிள்ளை பெறாதீர்கள், கணவனுக்கு அடிமையாக இல்லாமல் தோழியாக நில்லுங்கள் என்று பெண்களைப் பார்த்தே சொன்னார். பெண்ணைப் பார்த்துச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். அவளை முடிவெடுக்கிற ஆளாக மதித்ததால் அவளிடம் பேசினார்.

அப்புறம் என்ன நடந்தது? சுதந்திரம் வந்தது, ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. ஜனத்தொகைதான் வறுமைக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. ஏழைக்கு எத்தனை பிள்ளை என்று எண்ண ஆரம்பித்தார்கள். ஆபரேசன் செய்துகொண்டவர்களுக்குக் கையில் பணம் கொடுக்கிற வழக்கத்தை 1950களின் பிற்பகுதியிலேயே தொடங்கிய மாநிலம் நம்ம சென்னை மாநிலம். பசித்த வயிற்றுக்கு முன்னால் பணத்தை நீட்டிவிட்டு அதற்குச் 'சம்மதம்' என்று பெயர் வைத்தார்கள்.

நெருக்கடி நிலைக் காலத்தில் பணத்தோடு போலீசும் சேர்ந்துகொண்டது. 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க 82 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேசன்கள். அதில் முக்கால் பங்கு ஆண்களுக்கு. ஆண்கள் கொதித்தார்கள், 1977 தேர்தலில் ஆட்சியையே கவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு எந்த அரசாங்கமும் ஆண் பக்கம் கத்தியைத் திருப்பத் துணியவில்லை. முழுப் பாரமும் பெண் வயிற்றின் மேல் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியா முழுக்கக் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்டவர்கள். ஆண் ஆபரேசன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.3தான். தமிழ்நாட்டில் பெண்கள் பாதிக்கு மேல், ஆண்கள் 0.1, அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். ஆணுக்குச் செய்வது சின்ன ஆபரேசன், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பகுத்தறிவு பேசுகிற நாட்டில் ஆயிரத்துக்கு ஒருவர்!

நான் திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பகுதிகளில் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறவள். அவர்கள் சொன்னதில் சிலதை இங்கே வைக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் தவறாக இதைச் சுருக்கிவிடக் கூடாது. ஒரு பெண் பிரசவம் முடிந்து ஏழு மாதம் ஓயாத வயிற்றுவலி, உதிரப்போக்கு என்று அலைந்திருக்கிறாள். கடைசியில் ஸ்கேன் எடுத்த இடத்தில் "உள்ளே காப்பர்-டி இருக்கே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். பிரசவ மேசையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அவளிடம் சொல்லவில்லை. "இன்னா பேப்பர்னு தெரியாது, கையெழுத்துப் போடுன்னாங்க, வலியில போட்டேன்" என்றாள். இன்னொரு பெண்ணுக்கு வலியில் கத்தியதற்குக் கிடைத்த பதில்: "புருசன்கிட்ட போகும்போது இனிச்சுதுல்ல?" இதைக் கேட்டு இங்கே இருக்கிற அம்மாக்கள் சிரிக்கிறீர்கள். ஏன்னா நம்மில் பாதிப்பேர் இதைக் கேட்டிருக்கிறோம். எந்த ஏரியா, என்ன வேலை, என்ன சாதி என்று முகத்தைப் பார்த்தே அளந்து, அதற்கேற்ற வார்த்தையை எடுக்கிறார்கள் தோழர்களே. பணக்கார ஆஸ்பத்திரியின் ஏசி அறையில் இந்த வசனம் வராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். 2018-20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் செத்தார்கள், தமிழ்நாட்டில் 54. அரசு ஆஸ்பத்திரியும் நர்சம்மாக்களும் காப்பாற்றிய உயிர்கள் அவை. ராயபுரத்துப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவர்கள் நாம். அது நம்ம ஆஸ்பத்திரி. அதனால்தான் அங்கே மரியாதையோடு நடத்தச் சொல்லிக் கேட்கிறோம். உயிர் பிழைக்க வைத்ததற்காக அவளைக் கேட்காமல் அவள் உடம்பில் எதையும் செய்யலாம் என்றாகிவிடாது.

கேட்காமல் செய்வது எங்கே போய் முடியும்? பீகார் அராரியா மாவட்டத்தில் 2012 ஜனவரியில் ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேசன் செய்தார்கள். சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் 2014 நவம்பரில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். அந்த முகாமிலும் அடுத்து நடந்த முகாமிலுமாக 13 பெண்கள் செத்தார்கள். தலித், பழங்குடி, பிற்பட்ட சாதி ஏழைப் பெண்கள். தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூக ஊழியர் அராரியா சம்பவத்துக்காகப் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 2016 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஆபரேசன் முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்த வேண்டும்; இத்தனை பேர் என்று இலக்கு வைக்கக் கூடாது; படிவத்தில் இருப்பதை அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும்; விளக்கிய பிறகு யோசித்து மனம் மாற அவளுக்கு ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரம்! பிரசவ மேசையில் பேனாவைத் திணிக்கிறவர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

கருக்கலைப்புக்கு வருகிறேன். நாள் தள்ளிப்போனதும் நம்ம பெண்கள் முதலில் போவது மருந்துக்கடைக்கு. கடைக்காரர் கொடுக்கிற மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, உதிரம் நிற்காமல் ராத்திரியில் ஆட்டோ பிடிக்கிறார்கள். ஏன் ஆஸ்பத்திரிக்கு முதலிலேயே போகவில்லை? "புருசன் கையெழுத்துக் கேப்பாங்க", "ஆபரேசன் பண்ணிக்கிறேன்னு சொன்னாதான் கலைப்பாங்க." 1971இலிருந்து சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருசன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து எதுவும் சட்டத்தில் இல்லை. கருத்தடை ஆபரேசனுக்கும் அப்படித்தான். கலைப்பதற்கு விலையாக ஆபரேசனைக் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்துப் போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு இரண்டு டாக்டர்கள் கருத்தோடு 24 வாரம் வரை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவிகள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சட்டத்திலும் கடைசி வார்த்தை டாக்டருடையதுதான். பெண் கேட்டாலே போதும் என்று இன்னும் ஆகவில்லை. அதற்கான போராட்டம் பாக்கி இருக்கிறது.

அடுத்து வேலை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் நம்ம பெண்கள். வேலை நிரந்தரம் என்ற கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதுசாகச் சேர்ந்தவள் ஆகிவிடுகிற பெண் எந்தத் தைரியத்தில் மாசமாக இருக்கிறேன் என்று சொல்வாள்? ஏழாம் மாசம் வரைக்கும் மறைத்துக்கொண்டு வண்டி தள்ளுவாள். பிரசவத்துக்கு நின்றால் வேலை போகும். மாதவிடாய் நாளில் துணி மாற்ற ஒரு கழிப்பறை கிடையாது. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள், ஒருநாள் வராவிட்டால் அபராதம் என்பதால், கருப்பையையே எடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அரசு 2019இல் எடுத்த கணக்கில் அப்படி எடுத்தவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல். கருப்பை இருந்தால் கூலி இல்லை என்ற நிலைக்குப் பெண்ணைத் தள்ளிவிட்டு, "அவளேதான் சம்மதிச்சா" என்கிறார்கள்.

இதிலும் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. தினக்கூலிப் பெண்ணுக்கும் பேறுகாலச் சலுகை உண்டு என்று டெல்லி மாநகராட்சிப் பெண் தொழிலாளர்கள் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளத்தோடு விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2025 மே மாதம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மூன்றாவது பிள்ளை என்று சொல்லி விடுப்பு மறுத்த வழக்கில், பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் சேர்ந்தது என்றே தீர்ப்பு வந்தது. ஆனால் நம்ம மாநிலத்தின் முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவி 18,000 ரூபாய் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவதாகப் பெறுகிறவள் யார்? ஆண் பிள்ளை வேண்டும் என்று நச்சரிக்கப்படுகிறவள், மறுமணம் செய்தவள், கருத்தடை தோற்றுப்போனவள். உதவி அதிகமாகத் தேவைப்படுகிறவளுக்கு உதவியை நிறுத்துவது என்ன நியாயம்?

எண்ணூர்க்காரர்கள் இருக்கிறீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் கலந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். அன்றைக்கு ஓடியவர்களில் எத்தனை பேர் வயிற்றில் பிள்ளையோடு ஓடினார்கள்? அவர்களை யார் பின்தொடர்ந்து பரிசோதித்தார்கள்? முதல் மாதத்திலிருந்தே பிக்மி எண் போட்டுக் கர்ப்பிணிகளைக் கணக்கில் ஏற்றுகிற அரசாங்கத்துக்கு இந்தக் கணக்கை எடுப்பது பெரிய காரியமில்லை. நாம் எத்தனை பெறுகிறோம் என்பதை எண்ணுகிறவர்கள், நாம் எந்தக் காற்றில் சுமக்கிறோம் என்பதையும் எண்ணட்டும். இதுவும் இனப்பெருக்க உரிமைதான்.

இதையெல்லாம் நம்மால் கேட்க முடியுமா, படிக்காதவங்களாச்சே என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் 13 பெண்கள் சேர்ந்து 'ருவ்செக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சுந்தரி ரவீந்திரன் தவிர மற்ற 12 பேரும் அந்தக் கிராமங்களின் தலித் பெண்கள். உடம்பைப் பற்றித் தாங்களே கற்றுக்கொண்டார்கள், தங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், தமிழில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள், பிறகு சொந்தமாக ஒரு கிளினிக்கும் நடத்தினார்கள். வெள்ளைப்படுதலும் அடி இறங்கிப்போவதும் 'பொம்பளை தலையெழுத்து' இல்லை, வைத்தியம் உள்ள நோய் என்று சேரிப் பெண்களே சேரிப் பெண்களுக்குச் சொன்னார்கள். உலக நாடுகள் 1994இல் கெய்ரோவில் கூடி இனப்பெருக்க உரிமை என்று பேசுவதற்குப் பல வருடம் முன்னால் இது நடந்தது. இந்திய அரசு கருத்தடை இலக்குகளைக் கைவிடுவதாக அறிவித்ததே 1996இல்தான்.

அதனால் அம்மாக்களே, அக்காக்களே, எந்தப் பேப்பரிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள். என் உடம்புல இன்னா செய்யப்போறீங்க? எதுக்கு? வேற வழி இன்னா இருக்கு? அப்புறம் வலி, உதிரம் வந்தா, இல்ல வேணாம்னு எடுக்கணும்னா, நான் எங்க வரணும்? நான் வேணாம்னு சொன்னா எனக்கு வைத்தியம் நிக்குமா? கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்தான்: நிற்கக் கூடாது. மாசமாக இருக்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலியில் கேட்க முடியாது. பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை கூட இருக்க அரசு ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு உண்டு. வாய் பேசுகிற ஆளாகப் பார்த்து அழைத்துப் போங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது என்ன செய்தோம் என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆபரேசன் தோற்றுப் பிள்ளை பிறந்தால் அதைத் தலைவிதி என்று விடாதீர்கள். ஹரியானாவில் சாந்த்ரா என்ற கூலித் தொழிலாளிக்கு ஒரு குழாயில் மட்டும் ஆபரேசன் செய்து அனுப்பிவிட்டார்கள். எட்டாவதாகப் பெண் பிள்ளை பிறந்தது. அந்த அம்மா அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு, 2000இல் உச்சநீதிமன்றம் வரைக்கும் நின்று ஜெயித்தார்.

இயக்கத் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வன்கொடுமை என்றால் ஓடி வருகிறீர்கள், சிறை போகிறீர்கள். பிரசவ வார்டில் நம்ம பெண்ணைச் சாதி தெரிந்து ஏசினால் அது வன்கொடுமைப் பட்டியலில் ஏன் வரவில்லை? நம்ம மாநாட்டுத் தீர்மானங்களில் கருத்தடை, கருக்கலைப்பு, பேறுகால விடுப்பு எத்தனை தடவை வந்திருக்கிறது? சனத்தொகைதான் நம்ம பலம், அதனால் நிறையப் பெறுங்கள் என்று மேடையில் பேசுகிற தலைவரும், ஏழைகள் அதிகம் பெறுகிறார்கள் என்று சலிக்கிற அதிகாரியும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒருவர் கூட்டுகிறார், ஒருவர் கழிக்கிறார். பெற வேண்டியவளை ரெண்டு பேரும் கேட்கவில்லை. அம்பேத்கரும் பெரியாரும் கேட்டார்கள். ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கை மாற்ற நம்ம தோழர்கள் பத்துப் பேராவது கிளம்புங்கள். ஆபரேசன் செய்துகொண்டு வந்து சொல்லுங்கள், இதே மேடையில் கைதட்டுகிறோம்.

மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. நான் சொன்ன தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு பக்கத் தமிழில், எங்க அம்மா படித்தால் புரிகிற தமிழில், எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ரெண்டு பெண்கள், பிரசவத்துக்குத் துணை போகத் தயாராக, பெயர் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டோடு நிற்கிறேன்.

ஜெய்பீம்.